வழி தெரிந்த பாதைக்கு ஒரு கைடு

2023 ஏப்ரல் 1ஆம் தேதி நேபாளத்தில் ஒரு விதி அமலுக்கு வந்தது. தேசியப் பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதிகளிலும் டிரெக்கிங் வரும் வெளிநாட்டினர் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் போகக்கூடாது. தனியாகப் போகிறவர்கள் காணாமல் போகிறார்கள், கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடுகிறது என்று காரணம் சொன்னார்கள். எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதியின் உள்ளாட்சி மட்டும் இதற்கு உடன்படவில்லை. மலையேறுகிறவர்கள் மத்தியில் அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. காசு பிடுங்குகிற வேலை என்கிறது ஒரு கட்சி. உள்ளூர்க்காரனுக்கு நாலு காசு கிடைத்தால் உனக்கென்ன என்கிறது மறு கட்சி.

எனக்கு இரண்டும் முழுசாக ஒப்பவில்லை. தோழி ஒருத்தியோடு லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தபிறகு, கைடு வேண்டும் என்பதற்கு அந்தச் சண்டையில் யாரும் சொல்லாத ஒரு காரணம் என்னிடம் இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். லாங்டாங்கில் வழி காட்ட ஆள் தேவையே இல்லை. காத்மாண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லையை ஒட்டிய ரசுவா மாவட்டத்தில் ஸ்யாப்ருபேசி என்றொரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும் பஸ் ஒரு பகல் முழுவதையும் தின்றுவிடும். வழியில் துன்சேயில் ராணுவத்தினர் பையைத் திறந்து பார்த்து, பூங்கா அனுமதிச்சீட்டைச் சரிபார்ப்பார்கள். சார்க் நாட்டவர் என்பதால் நமக்குக் கட்டணம் குறைவு. மறுநாள் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான். பாம்பூ, ரிம்சே, லாமா ஹோட்டல், கோடா தபேலா, லாங்டாங், முண்டு, கடைசியில் 3,870 மீட்டரில் கியாஞ்சின் கோம்பா. அதே வழியில் திரும்பி வர வேண்டும். மணிக்கு ஒரு டீக்கடை. வழியெல்லாம் கோவேறு கழுதைகள் கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் சுமந்து போய்க்கொண்டே இருக்கும். அவற்றின் பின்னால் நடந்தாலே ஊர் வந்துவிடும்.

அப்படியானால் எங்கள் கைடு செய்த வேலைதான் என்ன?

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ரசுவாவிலேயே கீழே ஒரு கிராமம். தமாங் இனத்தவர். கைடு ஆவதற்குமுன் சில ஆண்டுகள் மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். அவருடைய மேற்பார்வையாளர் ஒரு தமிழர். அந்த உபயத்தில் ஒரு பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் அவரிடம் இருந்தன. "அண்ணே", "அக்கா", "சாப்டாச்சா", "சம்பளம்", "நாளைக்கு", அப்புறம் இங்கே எழுத முடியாத இரண்டு. நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மலையில் எல்லாக் கைடுகளும் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். எங்களவர் மட்டும் "மெதுவா அக்கா, மெதுவா". மற்றதெல்லாம் இந்தியில் போயிற்று, அதுவும் என்னுடைய இந்தியில்.

அந்த 'மெதுவா'வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் ஆக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். எங்கள் இருவர் உடம்புக்கும் அதற்குமேல் என்ன நடக்கும் என்று தெரியாது. உயரே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, எங்கேயும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. இதற்கு உடம்பு பழக நேரம் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் உயர்த்தாதே என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் லாங்டாங் திட்டங்களில் பெரும்பாலானவை, 2,480 மீட்டரில் இருக்கும் லாமா ஹோட்டலிலிருந்து 3,430 மீட்டரில் இருக்கும் லாங்டாங் கிராமத்துக்கு ஒரே நாளில் ஏறச் சொல்கின்றன. எங்கள் ஏஜென்சி கொடுத்த தாளிலும் அப்படித்தான் இருந்தது. கைடு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, நடுவில் தங்ஷ்யாப்பில் நிறுத்தினார். "தாள் காத்மாண்டுவில் உட்கார்ந்து எழுதினது, அக்கா."

தோழிக்கு அங்கேயே லேசாகத் தலைவலி. எனக்குத் தலைவலி இல்லை, தூக்கம்தான் இல்லை. கண் அயரும்போது மூச்சு சட்டென்று நின்று, பெரிய இழுப்பாக மறுபடி தொடங்கும். அந்த உயரத்தில் இது பலருக்கும் வருவது என்று தெரிந்திருந்தாலும், இருட்டில் அந்த இழுப்போடு விழிக்கும்போது மருத்துவ அறிவெல்லாம் பக்கத்தில் நிற்பதில்லை. காலையில் கைடு இருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். சாப்பிட்டீர்களா, குமட்டுகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, நேர்க்கோட்டில் நடந்து காட்டுங்கள். ஒரு பெண்ணிடம் சிறுநீர் பற்றிக் கேட்க அவருக்கும் கூச்சம், பதில் சொல்ல எனக்கும் கூச்சம். இரண்டாம் நாள் அது போய்விட்டது.

கீழ்ப்பகுதிக் காட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூங்கில், சாம்பல் மந்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறையில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகள். சிவப்பு பாண்டா இருக்கிறது என்கிறார்கள். எங்களுக்குத் தரிசனம் தரவில்லை.

சுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவர் பையையும் சேர்த்து ஓர் இளைஞர் தூக்கி வந்தார். தோளில் மாட்டவில்லை. நாம்லோ என்கிற பட்டை நெற்றியில் விழுந்து, பாரம் முழுவதையும் தலையும் கழுத்தும் தாங்குகிறது. உட்கார்ந்து எழுவது சிரமம் என்பதால், கையில் இருக்கும் டி வடிவக் கட்டையைச் சுமைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுகிறார்கள். இதைப் பார்த்து "என்ன பலம்!" என்று வியந்தவளை நிறுத்தி, கைடு வேறொரு கதை சொன்னார். ராணா ஆட்சியில் 1854ஆம் ஆண்டு வந்த முலுகி ஐன் என்ற சட்டம், நேபாளத்து மக்கள் அத்தனை பேரையும் சாதி அடுக்கில் வரிசைப்படுத்தியது. தமாங்குகளுக்குக் கிடைத்த இடம், 'குடிப்பழக்கமுள்ள, அடிமையாக்கத்தக்க' பிரிவு. காத்மாண்டுவைச் சுற்றிய மலைகளில் இருந்த அவர்களிடம் அரசு கூலியில்லாமல் சுமை தூக்க வைத்தது. ராணுவத்திலும் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. "என் தாத்தாவும் தூக்கினார். காசு கிடையாது. இந்தப் பையனுக்குக் காசு உண்டு. அதனால் 'பாவம்' என்று பார்க்காதீர்கள், 'ஆஹா' என்றும் பார்க்காதீர்கள். கூலியைச் சரியாகக் கொடுத்துவிடுங்கள்." பிறகு வழக்கம்போல் "மெதுவா அக்கா".

கோடா தபேலாவைத் தாண்டினால் காடு முடிந்து பள்ளத்தாக்கு அகலமாகத் திறக்கிறது. அதோடு கலாசாரமும் மாறுகிறது என்று எழுதுவது பயணக் கட்டுரைக்காரர்களின் வழக்கம். எனக்கு முதலில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. லாட்ஜ்கள், லாட்ஜ்கள், மேலும் லாட்ஜ்கள். நீலத் தகரக் கூரை, பெரிய கண்ணாடிச் சன்னல், நடுவில் இரும்பு அடுப்பு வைத்த உணவுக்கூடம். மெனு அட்டை போகும் இடமெல்லாம் ஒன்றே. பீட்சா, ஆப்பிள் பை, கொரிய நூடுல்ஸ், தால் பாத். அறை வாடகை சொற்பம், ஆனால் சாப்பாடு அங்கேயேதான். உயரம் ஏற ஏற விலையும் ஏறும். வெளிநாட்டுக்காரர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள், எட்டு மணிக்கு எல்லாரும் தூங்கப் போய்விடுகிறார்கள். பிரார்த்தனைக் கொடிகள் பறக்கின்றன, மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச்சுவர் வருகிறது, இடப்பக்கமாக நடக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவுதான் உள்ளூர்க் கலாசாரம் என்றால் கைடு இல்லாமலே இது கிடைக்கும்.

லாங்டாங் கிராமத்தில்தான் அவருடைய உண்மையான வேலை புரிந்தது. உணவுக்கூடத்தில் உட்காரப் போனவர்களை நிறுத்தி, "இருங்க" என்று உள்ளே போனார். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம், ஒரு சிரிப்பு. திரும்பி வந்து எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

அந்தப் பள்ளத்தாக்கில் வீடு என்பது சமையலறைதான். மற்றதெல்லாம் கடை. கைடுகளும் போர்ட்டர்களும் சாப்பிடுவது அங்கே, விருந்தினர் சாப்பிட்டு முடித்த பிறகு. ஊர்ச் செய்தி, கழுதைக்காரனின் கடன் கணக்கு, யார் மகள் எந்த நாட்டுக்குப் போகிறாள் என்பதெல்லாம் அங்கே பேசப்படுகிறது. அடுப்புக்கு நேர் எதிரே சுவர் முழுக்க மரத்தட்டுகள். அதில் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் கொலுப்படி மாதிரி அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. உட்காருமுன் கைடு காதோடு மூன்று விஷயம் சொன்னார். அடுப்பில் காகிதமோ தோலோ எதையும் போடாதீர்கள், அங்கே தெய்வம் இருக்கிறது. கால் நீட்டியிருப்பவரைத் தாண்டாதீர்கள். டீ போதும் என்றால் கோப்பையைக் காலி செய்யாதீர்கள், காலியானால் நிரம்பும்.

மூன்றாவது எச்சரிக்கையின் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர் அது. டீ என்று நினைத்துக் குடித்தால் குமட்டும், சூப் என்று நினைத்துக் குடித்தால் அமிர்தம். தோழி முதல் வகையில் நினைத்துவிட்டாள். பிறகு வந்தது சாங், தானியம் புளிக்கவைத்த கள். டம்ளர் விளிம்பில் வெண்ணெயை ஒரு துளி ஒட்டி நீட்டுகிறார்கள், அது மங்களம். உயரத்தில் மது கூடாது என்று காலையில் பாடம் நடத்திய கைடு, விரலை நனைத்து மூன்று முறை காற்றில் தெளித்துவிட்டு உதட்டில் வைத்தால் போதும் என்று ஏற்பாடு செய்தார். அந்த அம்மாளுக்கும் திருப்தி, எங்களுக்கும் தலைவலி இல்லை.

அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். என்னை 'பைனி' என்றார், தங்கை. நான் 'தீதி' என்றேன். அவருக்கும் கைடுக்கும் தாய்மொழி வேறு வேறு. அவர் பேசுவது திபெத்தியத்துக்கு நெருக்கமான மேல்பள்ளத்தாக்கு மொழி. கைடு பேசுவது தமாங். இருவரும் நேபாளியில் பேசிக்கொண்டார்கள். ஆனால் குடியுரிமைச் சான்றில் இருவரும் தமாங்தான் என்று சொல்லிச் சிரித்தார்கள். காணாமல்போன மாட்டைத் தேடிக்கொண்டு வந்த ஒரு லாமா கண்டுபிடித்ததாம் இந்தப் பள்ளத்தாக்கு. உலகம் கெட்டுப்போகும் காலத்தில் நல்லவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்காக பௌத்த குரு பத்மசம்பவர் மறைத்துவைத்த நிலங்களில் இதுவும் ஒன்று என்பது அவர்கள் நம்பிக்கை.

அப்படி மறைத்துவைத்த நிலத்தில் 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்றுமுன் நடந்தது என்ன என்பதைப் பலரும் படித்திருப்பீர்கள். 7.8 அளவு நிலநடுக்கம். நேராக மேலே நிற்கும் 7,227 மீட்டர் லாங்டாங் லிருங் சிகரத்தின் சரிவிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து கிராமத்தின்மேல் இறங்கின. விழுந்த வேகத்தில் கிளம்பிய காற்று எதிர்க்கரைக் காட்டையே படுக்கவைத்தது. ஊர்க்காரர்கள், வெளிநாட்டினர், கைடுகள், போர்ட்டர்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். பாறை விளிம்புக்கு அடியில் ஒண்டியிருந்த ஒரே ஒரு வீடு தப்பியது. உயிர் பிழைத்தவர்களை ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்குக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் ஒரு மடத்து வளாகத்தில் முகாம் வாழ்க்கை. பிறகு திரும்பி வந்து, சற்றுத் தள்ளி ஊரை மறுபடி கட்டினார்கள். இப்போது பாதை அந்தக் கற்குவியலின் மேலேயே போகிறது. சாம்பல் நிறத்தில், அகலமாக, புல் முளைக்கத் தொடங்கிய கற்கள்.

சில குழுக்கள் அங்கே நின்று பார்த்தேன். கைடு எண்ணிக்கை சொல்கிறார், அவர்கள் தலையாட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இறந்தவர் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவரின் முன்னால் செல்ஃபியும் நடந்தது. எங்கள் கைடு அந்தக் கல்வெளிக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றினார். "இங்கே நிற்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார். வாழ்க்கையிலேயே அவர் வேகமாக நடந்தது அப்போதுதான் என்று தோன்றியது.

அன்றிரவு சமையலறையில் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கைடு சொல்லவும் இல்லை, சொல்லத் தேவைப்படவில்லை. தோழி மட்டும் பாத்திரங்களைப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கின்றன என்றாள். தீதி எழுந்துபோய்ப் பெரிய செம்பு அண்டா ஒன்றை இறக்கினார். ஒரு பக்கம் நன்றாக நசுங்கி, தட்டி நிமிர்த்திய தழும்புகள். இது மாமியாருடையது, கல்லுக்கு அடியில் தோண்டி எடுத்தோம் என்றார். இன்னும் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று பாதி மட்டும். அண்டாக்களின் கதையைச் சொன்னாரே தவிர, ஆட்களின் கதையைச் சொல்லவில்லை. எவ்வளவு வெண்ணெய் போனது, எத்தனை சௌரி மாடு போனது, எந்த மூலையில் தோண்டும்போது எது கிடைத்தது என்பதெல்லாம் கணக்காக வந்தது. பிறகு அண்டாவைத் துணியால் துடைத்து, நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். நானும் ஒரு கத்தி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கைடு வேண்டும் என்பதற்கு நான் சொல்ல வந்த காரணம் இந்தச் சமையலறைக் கதவுதான். ஆறு கூட்டிப்போகிறது, ஊர் தானாக வருகிறது. அந்தக் கதவைத் தட்டிக் கேட்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். அவர் பேச்சை நம்பி அந்த வீட்டார் உள்ளே விட வேண்டும்.

கியாஞ்சினில் பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. 1950களில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் உதவியோடு தொடங்கியது. யாக்கும் பசுவும் கலந்த சௌரியின் பாலைக் கோடையில் மேல்மேய்ச்சலிலிருந்து மேய்ப்பர்கள் கொண்டுவந்து ஊற்றுவார்கள். கல்போல் கெட்டியான, சக்கர வடிவக் கட்டிகள், எடை போட்டு விற்கிறார்கள். சுவை கொஞ்சம் காரமாக, பிறகு நெய்வாசம். இப்போது மேய்ச்சலுக்குப் போக ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பருவம் லாட்ஜ் நடத்தினால் வருகிற காசுக்கு மாட்டின் பின்னால் மழையில் அலைய எந்தப் பிள்ளை போகும் என்று கேட்டார் அங்கே எடை போட்டவர். நியாயம்தான். அதை வாங்கித் தின்றுகொண்டே 'பாரம்பரியம் அழிகிறதே' என்று நான் வருத்தப்பட்டால் அது சுத்தப் பாசாங்கு.

அங்கிருந்து ஒரு நாள் விடியுமுன் கிளம்பி, 4,984 மீட்டர் சேர்கோ ரி ஏறினோம். உச்சியில் கொடிகள், காற்று, சுற்றிலும் வெள்ளை. கங்சென்போ சிகரம் மிக அழகு. இதற்குமேல் வர்ணித்தால் எல்லா மலைக் கட்டுரையும் போல ஆகிவிடும். நாற்பது அடிக்கு ஒருமுறை நின்றேன் என்பதையும், ஒரு கட்டத்தில் கைடு என் வாட்டர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார் என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி அந்த விதியைப் பற்றி. கைடு கட்டாயம் என்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் உரிமம் என்ற அட்டை இதற்கு உத்தரவாதம் இல்லை. மலிவான பேக்கேஜில் போனால், அந்தப் பள்ளத்தாக்கையே பார்த்திராத ஒருவர் அட்டையோடு வந்து நிற்கலாம். அவருக்குப் பாதை தெரியும், கதவு தெரியாது. ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. கைடு எந்த மாவட்டத்துக்காரர்? 3,000 மீட்டருக்குமேல் எங்கே தங்குவது என்பதை அவர் மாற்ற முடியுமா, தாள்தான் முடிவா? விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஸ்யாப்ருபேசியில் கடைசி இரவு, அவருடைய மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. காத்மாண்டுவில் படிக்கிறாள், கொரியன் மொழி கற்றுக்கொள்கிறாள். வேலைக்குக் கொரியா போகத் தேர்வு எழுதப் போகிறாளாம். கைடு ஆக விருப்பமில்லையா என்றேன். "அவளுக்கு முட்டிவலி வேண்டாம் அக்கா" என்றார். அதற்குள் போன் அடித்தது. அடுத்த குழு மறுநாள் வருகிறது. மேலே தீதியிடம்தான் பேசினார், நேபாளியில், ஓரளவு எனக்கும் புரிந்தது. ஸ்பெயின்காரர்கள், ஆறு பேர், நாலு பேர் சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார்கள். ஒருவர் மட்டும் பால்கூடத் தொடமாட்டாராம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை விளக்கினார். மறுமுனையில் தீதி சிரிப்பது எங்களுக்கே கேட்டது.